தாரும் கொழுப்பும் பூசிப் பனியை வென்றவர்

நார்வே வீரர் நான்செனின் வாழ்க்கை

அறந்தாங்கி, திருமயம், கீரனூர்ப் பக்கங்களிலிருந்து புதுக்கோட்டைச் சந்தைக்கு மாட்டு வண்டிகள் வரிசையாக வந்த காலம் ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதற்குள் வண்டி மை இருக்கும். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்த மை அது. புறப்படுமுன் வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றுவார். சக்கரத்தைக் கொஞ்சம் நகர்த்துவார். அச்சில் மையைத் தடவுவார். தடவ மறந்துவிட்டால் வண்டி கிறீச்சென்று கத்தும். மாடு நுரை தள்ளும். அச்சு தேய்ந்துபோகும்.

மை தடவுவது ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சந்தைக்கு நேரத்தில் போய்ச் சேருவது அந்த ஐந்து நிமிஷத்தில்தான் இருந்தது.

இதே பாடத்தைப் பனி மூடிய வடதேசத்தில், உயிரைப் பணயம் வைத்துப் படித்தவர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சக்கரம் வைத்த வண்டி கிடையாது. காலில் கட்டிக்கொண்ட இரண்டு மரக்கட்டைகள்தான் வாகனம். அந்தக் கட்டைகளின் அடிப்புறத்துக்கு எதைப் பூசுவது, எப்படிக் காப்பது என்பதில் அவர் காட்டிய அக்கறை கொஞ்சமல்ல. அவர்தான் பிரிட்ஜோப் நான்சென். நார்வே நாட்டின் மாபெரும் வீரர். விஞ்ஞானி. பிற்காலத்தில் லட்சக்கணக்கான அகதிகளுக்கு வாழ்வு தந்த வள்ளல்.

கட்டை மேல் நடக்கும் தேசம்

நமக்குப் பனி என்றால் மார்கழி மாதத்தில் புல் நுனியில் நிற்கும் துளிதான். நார்வேயில் அப்படி இல்லை. குளிர்காலத்தில் வானத்திலிருந்து பனி பஞ்சு பஞ்சாக விழும். வயல், பாதை, வேலி எல்லாம் மூடிப்போகும். அதன் மேல் காலை வைத்தால் இடுப்பு வரை புதையும்.

ஆகவே அந்த ஊர் ஜனங்கள் பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே ஒரு யுக்தி கண்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான, நான்கு விரல் அகலமான மரக்கட்டையைச் செதுக்கினார்கள். முனையை மேல்நோக்கி வளைத்தார்கள். காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டார்கள். உடம்பின் பாரம் நீளமான கட்டை முழுவதும் பரவுவதால் கால் புதையாது. இதற்கு ஸ்கீ என்று பெயர். சறுக்குக் கட்டை என்று சொல்லலாம்.

இந்தக் கட்டைக்கு இரண்டு குணம் வேண்டும். முன்னே தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். காலை ஊன்றி உந்தும்போது பின்னால் வழுக்காமல் பிடித்து நிற்கவும் வேண்டும். ஒரே கட்டை வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்! இதுதான் கஷ்டம். இதற்காகத்தான் அடிப்புறத்தில் பூச்சு.

பூசாத மரம் தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் உறையும். அதன் மேல் பனி ஒட்டும். பிறகு கட்டை வழுக்காது. ஈயக் குண்டு போலக் கனக்கும். ஆகவே நார்வேக்காரர்கள் பைன் மரத்தைச் சுட்டுத் தார் வடித்தார்கள். அதைக் கட்டையின் அடியில் பூசி, நெருப்பில் வாட்டுவார்கள். தார் பொங்கி மரத்துக்குள் இறங்கும். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுவார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் மரப்படகுக்கு எண்ணெய் பூசிக் காத்த அதே நியாயந்தான். மரத்துக்கு வயிறு நிறைய எண்ணெய் கொடுத்தால் அது தண்ணீர் கேட்காது.

கோடையில் கட்டைகளைச் சும்மா சுவரில் சாய்த்துவிட மாட்டார்கள். இரண்டையும் அடிப்புறத்தோடு அடிப்புறமாகச் சேர்த்து இரு முனைகளிலும் கட்டுவார்கள். நடுவில் ஒரு சின்ன மரத்துண்டைச் செருகுவார்கள். நடுவே இருக்கும் வில் போன்ற வளைவு கெடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

சிவப்பு நிறக் கட்டை

நான்சென் 1861-ஆம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி பிறந்தார். ஊர், தலைநகர் கிறிஸ்டியானியாவுக்குப் பக்கம். அந்த நகரம்தான் இன்றைய ஓஸ்லோ. தகப்பனார் வழக்கறிஞர். கண்டிப்பானவர். தாயார் பனிச்சறுக்கில் பிரியம் உள்ளவர். பெண்கள் சறுக்குக் கட்டையில் ஏறுவதை ஊரார் முகம் சுளித்துப் பார்த்த காலத்திலேயே அவர் அதில் ஏறியவர். தாயைப் பார்த்துப் பிள்ளையும் நடை பழகும் வயதிலேயே சறுக்கப் பழகினான்.

முதலில் கிடைத்தவை பழைய கட்டைகளை வெட்டிச் செய்தவை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. அச்சகம் நடத்திய ஒருவர் பையனின் ஆசையைக் கண்டு ஒரு ஜோடி புதுக் கட்டை பரிசளித்தார். சிவப்பு மெருகு பூசிய கட்டைகள். அந்தச் சந்தோஷத்தை நான்சென் கிழவரான பிறகும் மறக்கவில்லை.

பத்து வயதில் பெரியவர்கள் தாண்டும் மேட்டிலிருந்து தாண்டப் போனான். தலைகுப்புறப் பனியில் புதைந்தான். கூட்டம் சிரித்தது. அவன் விட்டுவிடவில்லை.

பெரியவனானதும் விலங்கியல் படித்தார். பெர்கன் நகரத்து மியூசியத்தில் வேலை கிடைத்தது. பகலில் பூதக்கண்ணாடியின் கீழ் நரம்பு மண்டல ஆராய்ச்சி; ஓய்வு கிடைத்தால் பனிச்சறுக்கு. 1884-ல் பெர்கனிலிருந்து கிறிஸ்டியானியாவுக்கு நடுக் குளிர்காலத்தில் மலைகளைக் கடந்து சறுக்குக் கட்டையிலேயே போனார். எதற்காக? ஒரு சறுக்குப் போட்டியில் கலந்துகொள்ள! போட்டி முடிந்து திரும்பவும் மலை வழியாகவே வந்தார்.

பின்வாங்க வழி இல்லை

கிரீன்லாந்து உலகத்திலேயே பெரிய தீவு. அதன் நடுப்பகுதி முழுவதும் பனிப்பாறை. அதற்கு முன் ஒருவரும் அதைக் குறுக்காகக் கடந்ததில்லை. நான்சென் கடக்கத் தீர்மானித்தார்.

முன்பு முயன்றவர்கள் ஜனங்கள் வசிக்கும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டார்கள். கஷ்டம் வந்தால் திரும்பிவிடலாம் அல்லவா? நான்சென் அதற்கு நேர்மாறாகச் செய்தார். ஆள் அரவம் குறைந்த கிழக்குக் கரையில் இறங்குவது. மேற்கே ஊர் இருக்கும் திசையை நோக்கிப் போவது. திரும்பிப் போனால் சோறு இல்லை. முன்னே போனால்தான் உயிர்.

நார்வே அரசாங்கம் பணம் தர மறுத்துவிட்டது. டென்மார்க் தேசத்து வியாபாரி ஒருவர் கொடுத்தார். ஆறு பேர் சேர்ந்தார்கள். அதில் இருவர் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி இனத்தவர்: சாமுவேல் பால்டோ, ஓலே ரவ்னா. நான்செனுக்கு அப்போது வயது 26. டாக்டர் பட்டத்துக்கான பரீட்சையைப் புறப்படுவதற்குச் சில நாள் முன்புதான் முடித்திருந்தார்.

கட்டைகளை அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார் பாருங்கள். மொத்தம் ஒன்பது ஜோடி. இரண்டு ஜோடி ஓக் மரம். ஏழு ஜோடி பிர்ச் மரம். பிர்ச் கட்டைகளின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு அடித்தார். ஈரப் பனி மரத்தில் ஒட்டும்; எஃகில் அவ்வளவாக ஒட்டாது என்பது கணக்கு. தகட்டின் நடுவில், காலுக்கு நேராக, ஒரு நீளத் துவாரம் விட்டார். அதில் எல்க் மானின் தோலை மயிரோடு பதித்தார். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கும். எதிராகத் தடவினால் மயிர் தடுக்கும். அதே வித்தைதான். முன்னே போகும்போது மயிர் படியும். உந்தும்போது மயிர் சிலிர்த்துப் பனியைப் பிடிக்கும்.

1888 ஜூலை 17-ந் தேதி கப்பலிலிருந்து படகுகளில் இறங்கினார்கள். மிதக்கும் பனிக்கட்டிகள் அவர்களைச் சிறைபிடித்தன. தெற்கே வெகுதூரம் இழுத்துச் சென்றன. கரை சேரவே 12 நாள் ஆயிற்று. மறுபடியும் வடக்கே துடுப்புப் போட்டார்கள். ஆகஸ்டு 15-ந் தேதி பனிமலையில் ஏறத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சறுக்கு வண்டியிலும் பெரும் பாரம். இழுப்பதற்கு நாயும் இல்லை, மாடும் இல்லை. மனிதர்களே இழுத்தார்கள். சுமார் 8,900 அடி உயரம் வரை ஏறினார்கள். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியையும் தாண்டியது.

பனியா, மணலா?

அங்கேதான் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. மேலே கிடந்த பனி ஈரமே இல்லாத பொடிப் பனி. எஃகுத் தகடு தேவைப்படவே இல்லை. ஈரப் பனிக்குச் செய்த ஏற்பாடு உலர்ந்த பனியில் வீண். வண்டிகளோ மணலில் இழுப்பது போலக் கனத்தன.

பனி எப்படி மணலாகும்? கட்டை பனி மேல் உராயும்போது சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் பனியின் மேல்தோல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உருகுகிறது. அந்தத் துளித் தண்ணீர்தான் மசகு. அதன் மேல்தான் கட்டை வழுக்குகிறது. கடுங்குளிரில் அந்த மேல்தோல் உருகுவதில்லை. பனித்துகள்கள் கூர்மையாக, காய்ந்த மணல் போல அடியை அறுக்கின்றன. குளிர் கூடினால் ஒரு பூச்சு, குறைந்தால் வேறு பூச்சு என்பது இதனால்தான்.

எத்தனை கனத்தாலும் அவர்கள் நிற்கவில்லை. காற்று சாதகமாக வீசியபோது வண்டிகளைச் சேர்த்துக் கட்டிப் பாய் விரித்துக் கப்பல் போல ஓட்டினார்கள். செப்டம்பர் கடைசியில் பனியை விட்டு இறங்கினார்கள். கூடாரத்துத் துணியையும் மரக் கிளைகளையும் கொண்டு ஒரு சின்னப் படகு கட்டினார்கள். நான்செனும் நண்பர் ஸ்வெர்ட்ரூப்பும் அதில் போய் அக்டோபர் 3-ந் தேதி கோட்ஹாப் ஊரை அடைந்தார்கள். ஆறு பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். கிரீன்லாந்து கடக்கப்பட்டுவிட்டது!

நான்சென் எழுதிய பிரயாண நூல் 1890-ல் வெளிவந்தது. அதில் சறுக்குக் கட்டைகளைப் பற்றியே ஒரு தனி அத்தியாயம் உண்டு. அதைப் படித்துத்தான் ஐரோப்பாவின் பல நாட்டு வாலிபர்கள் கட்டை வாங்கிக் காலில் கட்டினார்கள்.

மூன்று சரக்குக் கலவை

அடுத்த குறி வடதுருவம். பனியில் சிக்கினாலும் நசுங்காமல் மேலே எழும்பும்படி, உருண்டை வயிறு கொண்ட ஒரு கப்பல் கட்டச் செய்தார். பெயர் பிராம். 1893 ஜூன் 24-ந் தேதி புறப்பட்டார். அவரையும் சேர்த்துக் குழுவில் மொத்தம் 13 பேர். கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டு, நீரோட்டத்தோடு மிதக்கவிட்டார். கப்பல் துருவத்துக்கு நேராகப் போகாது என்று தெரிந்ததும், ஜோஹான்சென் என்ற தோழரோடு இறங்கி நடக்கத் தீர்மானித்தார்.

இந்தத் தடவை கிரீன்லாந்தில் கற்ற பாடம் கைகொடுத்தது. கட்டைகளில் எஃகு அடிக்கவில்லை. தார், மெழுகுவத்தி செய்ய உதவும் ஸ்டியரின், கொழுப்பு ஆகிய மூன்றையும் கலந்து, கட்டைகளில் நன்றாக ஊற ஊறத் தேய்த்தார். தார் மரத்தைக் காக்கும். மற்ற இரண்டும் ஈரத்தைத் தள்ளி, கட்டையை வழுக்கி ஓடச் செய்யும்.

வண்டிகளின் அடியில் ஜெர்மன் சில்வர் தகடு இருந்தது. நம் வீடுகளில் பாத்திரமாகப் புழங்கிய அதே ஜெர்மன் சில்வர்தான். பார்த்தால் கண்ணாடி போல வழவழப்பு. ஆனால் நான்சென் கண்ணை நம்பவில்லை. இழுத்துப் பார்த்துச் சோதித்தார். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரில், தார் பூசிய மேப்பிள் மரத்தைவிட இந்த உலோகத்தை இழுக்க ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு பலம் வேண்டியிருந்தது. ஆகவே தகட்டின் மேல் கழற்றி மாட்டத்தக்க மரச் சட்டங்களைப் பூட்டினார். அவற்றுக்கும் தார்க் கலவை பூசினார். கடுங்குளிருக்கு மரம், குளிர் குறைந்தால் கழற்றிவிட்டு உலோகம்.

ஒரு நாள் மறதி

1895 மார்ச் 14-ந் தேதி இருவரும் கப்பலை விட்டார்கள். 28 நாய்கள், மூன்று வண்டிகள், இரண்டு தோணிகள். ஏப்ரல் 8-ந் தேதிக்குள் வடக்கே 86 டிகிரி 14 நிமிஷம் வரை போய்விட்டார்கள். அதுவரை மனிதன் கால் வைக்காத தூரம். முன்னே பனிக்கட்டிகள் மேடும் மடுவுமாக மலை போலக் குவிந்து கிடந்தன. இனியும் போனால் திரும்ப உணவு போதாது. வீரத்தைவிட விவேகம் பெரிது என்று திரும்பினார்கள்.

திரும்பிய நாலைந்து நாளில் ஒரு விபரீதம் நேர்ந்தது. நெடுநேரம் நடந்து களைத்துப்போன இருவரும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். இருவர் கடிகாரமும் நின்றுவிட்டது.

கடிகாரம் நின்றால் என்ன? நம் ஊரில் அடுத்த வீட்டில் மணி கேட்டுக்கொள்ளலாம். அங்கே யாரைக் கேட்பது? சரியான மணி தெரிந்தால்தான் சூரியனைப் பார்த்துக் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட முடியும். மணி போனதால் இடம் போயிற்று. உத்தேசமாக முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தார்கள். கையில் இருந்த வரைபடத்திலும் பிழை. கரை தெரிய வேண்டிய இடத்தில் கரை இல்லை. வாரக்கணக்கில் தேடினார்கள்.

கட்டைக்குப் பூசவும் வண்டிக்குச் சட்டம் மாற்றவும் அத்தனை கவனம் எடுத்தவர் அவர். அவரையே ஒரு நாள் அசதி தோற்கடித்துவிட்டது.

உணவு குறையக் குறைய நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்குப் போட வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டு மிஞ்சின. கடலோரத்தில் அவற்றையும் கூட்டிப்போக வழியில்லை. தன் நாயைத் தானே சுட மனம் வராமல், ஒருவர் நாயை மற்றவர் சுட்டார்கள்.

ஆகஸ்டில் பிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தை அடைந்தார்கள். கல்லை அடுக்கி, கடற்பசுவைப் போன்ற வால்ரஸ் என்ற மிருகத்தின் தோலைக் கூரையாகப் போட்டு ஒரு குடிசை கட்டினார்கள். கரடி மாமிசம் தின்று எட்டு மாதத்துக்கு மேல் அதற்குள் கிடந்தார்கள். 1896 மே மாதம் மறுபடி புறப்பட்டார்கள். ஜூனில் அவர்களுடைய தோணிகள் கயிறு அறுந்து மிதந்து போயின. உணவும் துப்பாக்கியும் அதில்தான். நான்சென் உறைபனித் தண்ணீரில் குதித்து நீந்தி அவற்றைப் பிடித்து வந்தார். சில நாள் கழித்து, ஜூன் 17-ந் தேதி, ஜாக்சன் என்ற ஆங்கிலேயரை யதேச்சையாகச் சந்தித்தார்கள். உயிர் மீண்டது. ஆகஸ்டில் தாய்நாடு சேர்ந்தார்கள். பிராம் கப்பலும் சேதமின்றி வந்தது. 13 பேரும் பிழைத்தார்கள்.

பிறகு அதே பிராம் கப்பலில்தான் அமுண்ட்சென் தெற்கே போனார். 1911 டிசம்பர் 14-ந் தேதி முதன்முதலாகத் தென்துருவத்தை அடைந்தார். அவர் கூட்டத்தில் பியாலண்ட் என்ற சறுக்கு வீரர் இருந்தார். தச்சு வேலையும் தெரிந்தவர். குளிர்காலம் முழுவதும் வண்டிகளை இழைப்புளியால் சீவிச் சீவி எடையைக் குறைத்தார்.

வீடற்றவருக்கு ஒரு காகிதம்

நான்செனின் பிற்கால வாழ்க்கை வேறு விதம். 1905-ல் நார்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனி நாடாக உழைத்தார். லண்டனில் தூதராக இருந்தார். அந்தச் சமயம் மனைவி ஈவா நோயுற்றார். ஓடி வந்தார், ஆனால் அவர் வந்து சேருமுன் மனைவி இறந்துவிட்டார்.

முதல் உலக யுத்தம் முடிந்தது. சர்வதேச சங்கத்தின் சார்பில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட யுத்தக் கைதிகளை வீடு சேர்த்தார். ருஷ்யாவில் பஞ்சம் வந்தபோது அரசாங்கங்கள் கை விரித்தன. அவர் ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார்.

நாட்டை இழந்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கையில் அடையாளக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. வேலை தேட முடியாது. 1922-ல் அவர்களுக்கு ஒரு அடையாளச் சீட்டு ஏற்பாடு செய்தார். நான்சென் பாஸ்போர்ட் என்றே அதற்குப் பெயர் வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் அதை ஏற்றன. அந்த வருஷம் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பணத்தை நிவாரண வேலைக்கே கொடுத்தார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லெணாவிலக்கு, அழியாநிலை முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு ஒரு காகிதத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1930 மே 13-ந் தேதி நான்சென் தம் வீட்டில் காலமானார். வயது 68. நார்வேயின் தேசியத் திருநாளான மே 17-ந் தேதி அவருக்கு இறுதி மரியாதை செய்தார்கள்.

இன்றும் அதே வேலை

இன்று சறுக்குக் கட்டையின் அடி பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆனாலும் மெழுகு போகவில்லை. 1946-ல் சுவீடனில் நிறம் பார்த்து எடுக்கும் மெழுகு விற்பனைக்கு வந்தது. பச்சை கடுங்குளிருக்கு; நீலம் நடுத்தரத்துக்கு; சிவப்பு ஈரப் பனிக்கு. குளிருக்குக் கடினமான மெழுகு, வெப்பத்துக்கு இளகிய மெழுகு. காலுக்கு நேரே நடுப்பகுதியில் பிடிக்கும் மெழுகைப் பூசுவார்கள். ஆள் காலை ஊன்றும்போது வில் வளைவு தாழ்ந்து, பனித்துகள் மெழுகில் பதிந்து பிடிக்கும். ஓடும்போது நடுப்பகுதி மேலே எழும்; பிடி விட்டுவிடும். முன்னும் பின்னும் வழுக்கும் மெழுகு. அதை இஸ்திரிப் பெட்டி போன்ற ஒன்றால் உருக்கித் தேய்த்து, ஆறியதும் சுரண்டி, பிரஷ்ஷால் துலக்குவார்கள்.

தவறான மெழுகு பூசினால் என்ன ஆகும்? கடுங்குளிரில் இளகிய மெழுகு பூசினால் பனி கட்டி கட்டியாக ஒட்டும். ஈரப் பனியில் கடின மெழுகு பூசினால் ஒவ்வோர் அடிக்கும் கால் பின்னால் வழுக்கும். நீர் ஒட்டாத புளோரின் கலந்த மெழுகு வேகம் தந்தது. ஆனால் சுற்றுப்புறத்துக்கும் உடல்நலத்துக்கும் கேடு என்பதால் 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் தடை செய்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் ராணுவ வீரர்கள் பனிச்சறுக்குப் பயிற்சி பெறுகிறார்கள். அங்கேயும் பனியைத் தொட்டுப் பார்த்துத்தான் மெழுகு எடுக்க வேண்டும்.

புதுக்கோட்டைச் சாலைகளில் இப்போது மாட்டு வண்டி அபூர்வம். மூங்கில் குழாயும் மையும் பழைய வீட்டுப் பரண்களில் கிடந்தாலும் கிடக்கலாம். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடும் பையனும், தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போடும் அம்மாளும், மோட்டார் பம்புக்குக் கிரீஸ் வைக்கும் விவசாயியும் அந்த வண்டிக்காரர் செய்ததைத்தான் செய்கிறார்கள். வடதுருவத்துப் பனியில் நான்சென் செய்ததும் அதுதான். அதை மறந்த ஒரு நாளில் அவர் பட்ட பாடு, அன்றாடம் ஐந்து நிமிஷம் ஒதுக்க அலுத்துக்கொள்ளும் எல்லாருக்கும் நினைவில் இருக்க வேண்டும்.